கிராணி வீட்டுப் புல்தரை

புல்தரையில் தண்ணீர் தேங்கினால் எல்லாரும் லாரியில் மண் கொண்டுவந்து மேலே கொட்டுகிறார்கள். அது வீண் வேலை, இன்ஸ்பெக்டர் ஐயா. மேட்டு நிலத்தில் தண்ணீர் எங்கோ மேலே மண்ணுக்குள் புகுந்து, கீழே களிமண் தடுக்கிற இடத்தில் வெளியே வருகிறது. மேலேயே குறுக்கே ஒரு வடிகால் வெட்டி மடக்கிவிட்டால் கீழே புல் தானாகத் தேறிவிடும். இருபத்தாறு வருசம் ரப்பர் தோட்டத்தில் வடிகால் வெட்டியவன் நான். பெயர் சன்னாசி. போன மாதம், எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய பாஸ்கல் கிராணி வீட்டுச் சுவர் இடிந்து அவர் மனைவி எல்ஸி செத்ததை விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்களாம். அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

அந்த வீட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். குன்றைச் செதுக்கிக் கட்டிய வீடு. பின்னால் ஒன்பதடி உயரத்துக்குத் தாங்குசுவர், சுவருக்கு மேலே புல்தரை. எண்பத்தொன்றில் குடி வந்தபோது அந்தப் புல்தரை சேறாகக் கிடந்தது. மழை விட்டு இரண்டு நாளானாலும் கால் வைத்த தடத்தில் தண்ணீர் ஊறும். கிராணி என்னைத் தேடி ஆள் அனுப்பினார். “இந்தக் குன்னோட தண்ணி உனக்குத்தான் தெரியும்லா சன்னாசி” என்றார். தெரியாமல் என்ன? அது எங்கள் தோட்டத்துக் குன்று. அதில் எங்கே ஊற்று இருக்கிறது என்று என் காலுக்கே தெரியும்.

எழுபத்து நாலில் தோட்டத்தைத் துண்டாடி விற்றார்கள். அப்போது கிராணி ஒரு காகிதத்தோடு என்னிடம் வந்தார். லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற நாற்பத்திரண்டு குடும்பத்துக்கும் ஆளுக்கு ஒரு துண்டு நிலம் கேட்கிற மனு என்றார். “நீ சொன்னா கேப்பாங்க. ஒவ்வொரு வீடா நீயே போய் கைநாட்டு வாங்கிட்டு வா” என்றார். போனேன். படிக்கத் தெரியாதவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பெருவிரலை நீட்டினார்கள். மலாய் மொழியில் தட்டச்சு செய்த காகிதம். எனக்கும் படிக்கத் தெரியாது. நாங்களாகவே வீட்டைக் காலி செய்து தருகிறோம் என்று அதில் எழுதியிருந்ததாம். லாரி வந்து சாமான்களை ஏற்றச் சொன்ன அன்றுதான் தெரிந்தது. கிராணிக்குக் குன்றின்மேல் ஒரு மனை கிடைத்தது. எனக்குத் தோட்டத்தை விற்றவன் என்ற பெயர் கிடைத்தது.

என் மச்சான் பத்துமலை அதற்குப் பிறகு என் வாசல் மிதிக்கவில்லை. தன் கூடப் பிறந்த அக்காள், என் பெண்டாட்டி வீரம்மா செத்தபோதும் வரவில்லை. வீரம்மாவே என்னை நம்பினாளா என்று தெரியாது. கடைசிவரை சோறு போட்டாள், அவ்வளவுதான். கோபமா என்று கேட்டால், ஆமாம், கோபம்தான். பத்து வருசமாக அது என் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் வேலையில் நான் கோபத்தைக் காட்டியதில்லை.

அந்தப் புல்தரையை ஒழுங்காகத்தான் செய்தேன். மேட்டில் குறுக்கே வடிகால் வெட்டி, ஓட்டைக் குழாய் பதித்து, உடைகல் நிரப்பி, ரோட்டோர லோங்காங் சாக்கடையில் விட்டேன். தாங்குசுவரில் இருபத்தொரு துளை விட்டேன். சுவருக்குப் பின்னால் தங்குகிற தண்ணீர் அதன் வழியாகத்தான் மூச்சுவிடும். மூன்று மாதத்தில் புல் பாய் விரித்ததுபோல் பிடித்தது. வாரம் ஒருமுறை வெட்டிவிடுகிற வேலையும் எனக்கே வந்தது. எல்ஸியம்மா எனக்குத் தனிக் குவளை வைக்கவில்லை. அவர்கள் குடிக்கிற குவளையிலேயே காப்பி கொடுப்பார். “அம்மான்னு கூப்பிடாத சன்னாசி, அக்கான்னு கூப்பிடு” என்பார். நல்ல மனுசி.

ஒருநாள் காப்பி குடித்தபடி கிராணியிடம் கேட்டேன். “அந்தக் காயிதத்துல இருந்தது உங்களுக்குத் தெரியுமாய்யா?” மன்னிப்புக் கேட்டிருந்தால் விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் சிரித்தார். “பழைய கதைய ஏன்லா இழுக்கிற? நீங்க கேக்கல, நான் சொல்லல. அவ்வளவுதான்.”

இந்த ஆகஸ்டில் சுவருக்கு வெள்ளையடித்தார். துளைகளிலிருந்து செம்மண் தண்ணீர் வடிந்து சுவரெல்லாம் கறை. “கிறிஸ்மஸுக்கு ஆளுங்க வருவாங்க, அசிங்கமா இருக்கு. சீமெந்து போட்டு அடைச்சிரு” என்றார். அடைத்தால் என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சீமெந்து குழைத்து அடைத்தேன்.

உண்மையைச் சொல்ல வந்தவன் முழுசாகச் சொல்ல வேண்டும். அவர் காட்டியது சமையலறை வாசலுக்கு எதிரே இருந்த ஏழு துளைகளைத்தான். மிச்சம் பதினாலையும் நானாகத்தான் அடைத்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. அடுத்த வாரம் புல் வெட்டப் போனபோது, மேலே வெட்டியிருந்த வடிகாலை லோங்காங் பக்கம் மூடி, சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டேன். சங்குல் மண்வெட்டி பிடித்த கைக்கு அரைமணி நேர வேலை. மேலே பழையபடி புல்லை வைத்துத் தட்டிவிட்டேன். கிராணி பார்த்துவிட்டு, புல் அருமையாக இருக்கிறது என்றார்.

நவம்பரில் மூன்று நாள் மழை விடாமல் அடித்தது. நாலாம் நாள் மத்தியானம் கொஞ்சம் விட்டதும் பார்க்கப் போனேன். கிராணி பென்சன் விசயமாகத் தைப்பிங் போயிருந்தார். சுவர் நடுவில் புடைத்திருந்தது. விரல் நுழைகிற அளவுக்கு விரிசல். எல்ஸியக்கா முழங்கால் வலியோடு பின்னறைக் கட்டிலில் படுத்திருந்தார். சுவருக்கும் அந்த அறை ஜன்னலுக்கும் நாலடிதான். என்னைப் பார்த்ததும், “சுவத்துல கோடு விழுந்திருக்கே சன்னாசி, என்னான்னு பாரு” என்றார்.

“சுண்ணாம்பு வெடிச்சிருக்கு அக்கா. ஒன்னுமில்ல. நீங்க படுங்க.”

வெளியே வாருங்கள் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் ஏன் என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டியிருக்கும். வீடு போகட்டும் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன். எங்கள் வீடுகள் போனமாதிரி அவர் வீடும் போகட்டும். ஆனால் அங்கே நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. கிராணி வேறு வீடு கட்டிக்கொள்வார். எனக்கு வீரம்மா போனதுபோல் அவருக்கு எதுவும் போகாது.

திரும்பும்போது மறுபடி தூறியது. “நனையாத, குடைய எடுத்துக்கிட்டுப் போ” என்று அக்கா படுத்தபடியே சொன்னார். எடுத்துக்கொண்டேன். சந்திமுனைக் கடையில் தேத்தண்ணீர் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. சரிந்த மண்ணை வெட்டி அள்ளப் போனவர்களில் நானும் ஒருவன். சங்குலோடு முதலில் போய் நின்றவன் நான்தான்.

அடக்கத்தன்று கிராணி என் தோளில் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன், மனசார அழுதேன். அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் போகிற இடமெல்லாம், துளையை அடைக்கச் சொன்னது நான்தான், என் பெண்டாட்டியை நானே கொன்றுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். சன்னாசி பாவம், சொன்னதைச் செய்தவன் என்கிறார். கோவிலில் அவருக்காகப் பூசை வைக்கிறார்கள். நேற்று என் மச்சான் பத்துமலைகூட அவரைப் பார்த்துத் துக்கம் விசாரித்துவிட்டு வந்திருக்கிறான். பத்து வருசத்துக்கு முன்னால் தான் செய்ததை மறைத்துக்கொண்ட மனுசர், இப்போது செய்யாததைச் செய்ததாகச் சொல்லி நல்லவராகிவிட்டார். இதையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டால் எனக்கு என்ன மிச்சம்?

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. எல்ஸியக்காவைக் கொன்றது பாஸ்கல் இல்லை, நான். தெரிந்தே செய்தேன். ஆனால் என்னை நம்பிய ஒரு ஆளைக்கூட நான் ஏமாற்றியதில்லை. அதையும் சேர்த்து எழுதுங்கள்.