காப்புக் கட்டிய கை

“ஹலோ... ஹலோ, ஆமா, ஜெயராசாதான் பேசுறேன்... கொழும்புலருந்தா? குடுங்க, குடுங்க... ஹலோ, மீனா! சொல்லு... என்னது?... ஐயோ! எப்ப?... பெரிய மாமாவா?”

பதுளைக் கடைவீதியில், கனகசபை முதலாளியின் புடவைக்கடையில் இருந்தவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். ஜெயராசா எதிர்பார்த்ததும் அதைத்தான். கொழும்பில் ஒரு மோட்டார் கம்பெனிக்காகப் பந்தயத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பிழைப்பவன் அவன். நடிப்பு அவனுக்கு வராது. இருந்தாலும் முடிந்த மட்டும் நெற்றியில் கை வைத்துக்கொண்டான். செத்துப்போன பெரிய மாமா அந்த நேரம் கொழும்பில் வெற்றிலை போட்டுக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருந்தார். இப்படி ஒரு சாவுச் செய்தி சொல்லு என்று நேற்று பதுளை ஸ்டேஷனில் இறங்கியதும் போனில் மனைவியிடம் ஏற்பாடு செய்து வைத்ததே இந்த மனுஷன்தான்.

வேறு என்ன செய்வான்? எலும்பு முறிந்தவர்களுக்கு ஒரு வார்டு கட்டுவதற்காக நாளைக்கு இங்கே ரேஸ்கோர்ஸ் திடலில் தர்மத்துக்காக மோட்டார் சைக்கிள் ஓட்டம். கேட்டபோது பெரிய மனதோடு தலையாட்டிவிட்டான். அதற்குப் பிறகுதான் கொழும்பில் ஓட்டிப் பழகும்போது விழுந்து வலது மணிக்கட்டு எலும்பில் விரிசல் விழுந்தது. இன்னொரு தரம் விழுந்தால் அந்தக் கை எதையும் பிடிக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கை இப்படி இருப்பது கம்பெனிக்குத் தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். ஆகவே வலிக்கிறது என்றும் சொல்ல முடியாது, காரணம் சொல்லாமல் மாட்டேன் என்றும் சொல்ல முடியாது. சாவு விழுந்தால் தப்பலாம். தீட்டுக்காரனை யார் வற்புறுத்தப் போகிறார்கள்?

“ஆமா... ஆமா... நல்லாத்தானே இருந்தாரு... சரி புள்ள, அழாத. ராத்திரி மெயில்ல ஏறிடுறேன்... ஆமா, தீட்டாயிருச்சில்ல, இனி எங்க ஓடுறது... இரு, இரு, முதலாளி என்னமோ சொல்றாரு.”

முதலாளி அருகில் வந்து மெதுவாக, மிகுந்த பிரியத்தோடு சொன்னார். அந்தப் பிரியம்தான் வினை. சொல்லிக்கொண்டே ஜெயராசாவின் வலது கையைக் காட்டினார். சட்டைக் கைக்கு வெளியே மஞ்சள் துண்டு கட்டிய கயிறு தெரிந்தது.

“மீனா... கேக்குதா? ஒரு விஷயம்... காலையில மாரியம்மன் கோயில்ல பைக்குக்குப் பூசை வச்சாங்க... ஆமா, மாலையெல்லாம் போட்டு... அப்ப எனக்குக் காப்புக் கட்டிட்டாங்க... காப்புத்தான். தீமிதிக்கிறவங்களுக்குக் கட்டுவாங்களாமே, அது... கைய நீட்டுங்கன்னாங்க, நீட்டினேன். திருநீறு மாதிரின்னு நெனச்சேன். கொழும்புல வளந்தவனுக்கு என்ன தெரியும்?... இல்லையாம் புள்ள. காப்புக் கட்டினவனுக்குத் தீட்டே இல்லையாம். பெத்தவங்களே போனாலும் ஓட்டம் முடியிற வரைக்கும் ஊர் எல்ல தாண்டக் கூடாதாம்... ஹலோ?... மீனா, இருக்கியா?”

இருந்தாள். தெமோதரைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். காப்பென்றால் என்னவென்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் போட்ட சத்தம் கடைக்குள் கேட்டுவிடாதபடி ஜெயராசா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, சேலை அடுக்குப் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“மெதுவா, மெதுவா... ஆள் இருக்காங்க... கையா? நீ நெனைக்கிற மாதிரிதான் இருக்கு.”

சட்டைக் கைக்குள் மணிக்கட்டு பணியாரம் போல வீங்கியிருந்தது. கயிறு சதைக்குள் இறங்கியிருந்தது.

“சும்மா ரெண்டு சுத்துச் சுத்தலாம்னுதான் நானும் வந்தேன்... எங்க விடுறாங்க? தோட்டத்துத் தொரைமாருல்ல கூட ஓடுறாங்க. அவங்களுக்கு இது வெளையாட்டு. விழுந்து எந்திரிச்சு தோட்டத்துக்குப் போயிருவாங்க... மழ பேஞ்சு புல்லு வேற வழுக்குது... ஆமா... ஆமா, தர்மத்துக்கு விழுந்தா மட்டும் எலும்பு முறியாம இருக்குமான்னு கேக்குற, ஞாயந்தான்... ஞாயந்தான் மீனா. ஆனா இவங்க பக்கமும்... இரு.”

வாசலில் ஒரு பெண் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“பூனாகலையிலருந்து ஒரு அம்மா வந்திருக்காங்க. இராக்கம்மான்னு... அவங்க வீட்டுக்காரரு கொழுந்து மூட்டையோட சரிவுல விழுந்து காலு முறிஞ்சு கோணலாவே கூடிருச்சாம். லயத்த விட்டு வெளிய வாறதில்லையாம்... இவங்கதான் காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல நின்னு ஓட்டத்துக்கு டிக்கெட் வித்தவங்க... இப்ப எனக்காக அழுறாங்க, மீனா. நம்ம மாமா செத்துட்டாருன்னு.”

ஜெயராசாவுக்கு வெட்கமாக இருந்தது. பொய் சொல்வது இவ்வளவு கனமான வேலை என்று அவன் நினைத்திருக்கவில்லை.

“என்ன?... நெசத்தையா?... இத்தன பேர் முன்னாலயா? நாளைக்கே கம்பெனிக்குப் போய்ச் சேந்துரும். அப்புறம் அடுத்த மாசம் என்னத்தத் திங்கிறது?... கை போனா மட்டும் என்னத்தத் திங்கிறதா?... கேளு. நல்லாக் கேளு. பதில் இருந்தாச் சொல்ல மாட்டேனா?”

அதற்குள் முதலாளி கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு ஏதோ சொல்ல, கடையே தலையாட்டியது.

“ஐயோ... மீனா, நாளைக்கு ஒலிபெருக்கியில சொல்லப் போறாங்களாம்... சாவு விழுந்தும் ஏழைகளுக்காக ஓட நின்னவருன்னு. தோட்டம் தோட்டமா ஆளனுப்பிச் சொல்லப் போறாங்களாம்... இனி நான் மெதுவா ஓட முடியுமா? சொல்லு... ஹலோ, எக்ஸ்சேஞ்சா? கட் பண்ணாதீங்க, இன்னுங் கொஞ்ச நேரம் குடுங்க... மீனா, இருக்கியா?... ஆமா... இல்லீங்க முதலாளி, வேணாங்க.”

அவளுக்கு இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்ல வேண்டுமென்று முதலாளி கையை நீட்டிக்கொண்டு நின்றார். ரிசீவர் அவர் கைக்குப் போனால் மீனாம்பாள் எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். ஜெயராசா அவருக்குப் பாதியும், ரிசீவருக்குள் முணுமுணுத்துப் பாதியுமாகப் பேசினான்.

“முதலாளி உங்கிட்ட பேசணுங்கிறாரு... இல்லீங்க, அவ பேசுற நெலமையில இல்லீங்க, அழுதுக்கிட்டிருக்கா... மீனா, நீ அழுதுக்கிட்டுத்தான இருக்க?... அழுதுக்கிட்டுத்தான் இருக்கணும், புரியுதா?... கொஞ்சம் அழு புள்ள...”

எதிரில் நிற்கிறவருக்குக் கேட்கும்படி ஒரு விசும்பல் போதும், அவ்வளவுதான் அவன் கேட்டது. வந்தது. ஆனால் நிற்கவில்லை.

“போதும்... மீனா... போதும்... ஏய்... நெசமாவே அழுறியா?”

ரிசீவருக்குள் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

“அழாத. ஒண்ணும் ஆகாது. நான் என்ன மொத தடவையா ஓடுறேன்... மீனா?... ஹலோ?... ஹலோ!... லைன் போயிருச்சு, முதலாளி.”

முதலாளி அவனுடைய வலது கையைத் தம் இரண்டு கைகளாலும் பற்றி, துக்கம் விசாரிக்கிற முறைப்படி நன்றாக அழுத்தினார். வலி தோள் வரைக்கும் போய் வந்தது. ஜெயராசா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“ஒண்ணுமில்லீங்க... நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்?”