சுத்தமான கோர்வை

கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதும்போது ஒரு ஃபங்ஷன் நான்கு வரியைத் தாண்டினால் எனக்குச் சாப்பாடு இறங்காது, சார். ஒவ்வொன்றும் ஒரே வேலைதான் செய்ய வேண்டும். ரூபி என்ற நிரல்மொழியில் இரண்டு ஃபங்ஷனுக்கு நடுவே இரட்டை அம்புக்குறி போட்டுக் கோர்த்துவிட்டால், முதலாவது கொடுப்பதை இரண்டாவது வாங்கிக்கொள்ளும். படிக்கவே சுகமாக இருக்கும்.

என் மனைவியின் அண்ணனுக்கு இதெல்லாம் ஆகாது. குளிர்பதனக் கிடங்கில் என்னை வேலைக்குச் சேர்த்தவர் அவர்தான்; அங்கே எனக்கு மேலதிகாரியும் அவர்தான். நாங்கள் குடியிருந்தது அவர் வீட்டு மாடியில். போவதும் வருவதும் அவர் காரில். நான் பிரித்து எழுதியதையெல்லாம் மறுபடி ஒன்றாகப் போட்டுக் குழப்பிவைப்பார். "ஓடுதுல்ல மாப்ள, விடு. இதுக்குப் போய் அலட்டிக்கிறியே," என்பார். வேறு வேலை தேடுகிறேன் என்றால் மனைவி, "அண்ணன் நம்ம நல்லதுக்குத்தானே சொல்றாரு," என்பாள். எனக்கு மூச்சு முட்டியது. யாரிடமும் சொல்ல முடியவில்லை.

உறைகுளிர் அறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து வெகுநாளாயிற்று. உள்ளே போகிறவர்கள் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டுப் போவார்கள். தப்பித்தவறிக் கதவு சாத்திக்கொண்டால் அவசர மணியை அழுத்த வேண்டும். காவலாளியின் போன் அடிக்கும். அந்த மணிக்கு மச்சான் எழுதியிருந்த நிரல் ஒரே மூட்டை. நான் அதை மூன்றாகப் பிரித்தேன். முதல் ஃபங்ஷன், அடையாள அட்டையை வைத்து உள்ளே இருப்பவர் யார் என்று சொல்லும். அடுத்தது, சோதனைக்காக அழுத்தியதை ஒதுக்கிவிடும். கடைசியானது காவலாளியை அழைக்கும்.

மணியைச் சோதிப்பவர் மச்சான் மட்டும்தான். "நீங்க அழுத்தினா சோதனைன்னு வச்சுக்கலாமா மச்சான்? என் திரையில தெரிஞ்சா போதும்ல. காவலாளி சும்மா சும்மா ஓடி வர்றாரு," என்றேன்.

"தாராளமா வச்சுக்க," என்றார்.

என் யோசனை ஒன்றை அவர் மறுபேச்சில்லாமல் ஏற்றது அதுதான் முதல் தடவை. உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம், உள்ளே வெப்பமானி தப்பாகக் காட்டுகிறது என்று அவரிடம் சொன்னேன். அது சரியாகத்தான் காட்டிக்கொண்டிருந்தது. அவர் போனார். நானும் பின்னால் போய் மரக்கட்டையை எடுத்து ஓரமாக வைத்தேன். வழியில் கிடந்தால் யாராவது தடுக்கி விழுவார்கள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அந்தச் சுவர்களுக்குள் செல்போன் எடுக்காது.

இருக்கைக்குத் திரும்பினேன். அவர் அழுத்திய ஒவ்வொரு தடவையும் திரையில் வந்தது. முதல் ஃபங்ஷன் அவர் பெயரைச் சொன்னது. இரண்டாவது ஒதுக்கியது. மூன்றாவதற்கு வேலையே இல்லை. பிறகு எதுவும் வரவில்லை.

மாலையில் பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். "அண்ணன் எங்க?" என்று மனைவி கேட்டாள்.

"சோதனையில இருக்காரு," என்றேன்.

நீங்கள் அந்த மூன்றையும் தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள், சார். எதிலும் பிழை இருக்காது. நான் கோர்த்தேன், அவ்வளவுதான்.