பெயர் ஒத்தால் அடிக்கும் மணி

இருந்தவர்கள்: ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் தலைமை டாக்டரம்மா, ஜன்னலோர மேசையில். கவுண்டர் அக்கா, தலைமை அலுவலகத்துக்குப் பதில் கடிதம் எழுத வசதியாக எதிரே. கம்ப்யூட்டர் பராமரிப்பவர், நாற்காலி போதாததால் அட்டைப்பெட்டி மேல்.

கம்ப்யூட்டர்காரர்: ...இந்தக் கணக்கெடுக்கிற செயலி இலவசமா இறக்கினதுதான் டாக்டர். இங்கேருந்தே அறுபது கம்ப்யூட்டரையும் தட்டி, உள்ளே என்னென்ன இருக்குன்னு கேட்டுட்டு வந்துடுச்சு. நாலே நிமிஷம்.

டாக்டர்: போன வருஷம் இதே கணக்குக்கு ஒன்பது நாள் நடந்தியே தம்பி...

அக்கா: தம்பி செருப்புதான் தேஞ்சுது.

டாக்டர்: சரி, தலைமை அலுவலகம் கேட்டதைச் சொல்லு. அனுமதி இல்லாத செயலி ஏதாவது?

கம்ப்யூட்டர்காரர்: ஒண்ணு. அறுபதுலயும் இருக்கு. தயாரிச்சவர் பேரு இருக்க வேண்டிய இடம் காலி.

டாக்டர்: என்ன பண்ணுது?

கம்ப்யூட்டர்காரர்: ஒரே பேர்ல ரெண்டு நோயாளி வந்தா மணி அடிக்குதே, அது இதுதான். வயசும் அப்பா பேரும் சரிபார்க்கிற வரைக்கும் ரிப்போர்ட்டை அச்சடிக்க விடாது. மெஷினோட வந்த மணின்னே நினைச்சுட்டு இருந்தேன்... பிரமிச்சுப் போயிட்டேன்.

டாக்டர்: ஆறு வருஷமா இங்கே ஒரு ரிப்போர்ட் மாறலை.

கம்ப்யூட்டர்காரர்: போட்டும் ஆறு வருஷம்தான். பதினஞ்சு நாள், தினமும் நாலு கம்ப்யூட்டர். எல்லாம் மதியம் ஒண்ணேகாலுக்கு. நாம சாப்பிடப் போற நேரம்... கவுண்டர்ல ஒருத்தரைத் தவிர.

டாக்டர்: ஏம்மா, பேனா ஏன் நிக்குது?

அக்கா: மை வரலை...

கம்ப்யூட்டர்காரர்: போட்டவங்களுக்கு வேலை போயிடும்னு உத்தரவுல இருக்கே அக்கா.

அக்கா: தெரியும். நான்தான் போட்டேன். ரிப்போர்ட் மாறிப் போய் ஒரு அம்மா அழுதுட்டு நின்னது என் கவுண்டர்லதான். புத்தகம் வாங்கிப் படிச்சு, எட்டு மாசத்துல எழுதினேன்.

கம்ப்யூட்டர்காரர்: நீங்களே... எழுதினீங்களா? எங்கேருந்தோ எடுத்துப் போட்டீங்கன்னுல்ல நினைச்சேன்.

டாக்டர்: நான் சொல்றதை எழுதும்மா. "மேற்படி செயலி, என் அனுமதியுடன் எங்கள் ஊழியர் எழுதி நிறுவியது. நீக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்." கொடு, கையெழுத்துப் போடறேன். ம்... உறையை ஒட்டு.

அக்கா: ஒட்டிட்டேன். ஆனா...

டாக்டர்: தம்பி, தபால்ல சேர்த்துடு.

கம்ப்யூட்டர்காரர்: இதோ, கிளம்பிட்டேன்.

அக்கா: உங்ககிட்ட நான் அனுமதியே கேட்கலையே டாக்டர். பொய்யிலயா கையெழுத்துப் போட்டீங்க?

டாக்டர்: பொய்யா? என் பாஸ்வேர்டு இல்லாம இங்கே எந்தச் செயலியும் போட முடியாது; அதைப் பெத்த பிள்ளைக்குக்கூடச் சொல்லாதவ நான். அதைச் சீட்டுல எழுதி, பதினஞ்சு நாளும் உன் கவுண்டர் மேலயே மறந்துட்டுச் சாப்பிடப் போனேன்னா நம்பினே?