நிதானத்துக்குப் பக்கத்து நாற்காலி

மேடையில் வீற்றிருக்கும் அரங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, நடன ஆசிரியை அவர்களே, கையில் இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் கலைஞர்களே, முன்வரிசையில் மகளின் தோளைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும், மறைந்தவரின் மனைவியான நம் தங்கச்சி அவர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். இந்த மைக்கை இப்போதுதான் என் உயரத்துக்கு இறக்கினார்கள். அதில்கூட அந்த மனிதர் என்னைவிட ஒரு படி மேலே.

நாம் எல்லோரும் "நிதானம்" என்று அழைத்த மேளக் கலைஞர் மறைந்துவிட்டார். எனக்கு முன் பேசியவர்கள் அவரை மாமேதை என்றார்கள், தாளத்தின் அரசர் என்றார்கள். நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் காலமெல்லாம் மேளம் வாசித்தவன். ஆகவே வேறு ஒன்று சொல்கிறேன். எனக்கு அவர்மேல் பொறாமை. வயிறு பற்றி எரிகிற பொறாமை. ஆள் போய்விட்டால் அணைந்துவிடும் என்று நினைத்தேன். அணையவில்லை.

ஏன் எரியாது? இந்த அரங்கில் முதலில் சேர்ந்தவன் யார்? நான். கணக்குத் தெரிந்தவன் யார்? நான். எந்தத் தாளத்தையும் விரல்விட்டு எண்ணி, மயிரிழை பிசகாமல் திரும்பத் திரும்ப வாசிப்பவன் யார்? நான்தான், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆனால் வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்து இறங்கினால், பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் அவரைத்தான் தேடுவார்கள். என்னிடம் கழிப்பறைக்கு வழி கேட்பார்கள்.

ஒருமுறை குதிகாலால் தரையை அடித்து ஆடும் குழு ஒன்று வந்தது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. நான் வழக்கப்படி இருப்பதிலேயே பலமான அடியை 'ஒன்று' என்று வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். மேளக்காரன் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. பலமாக விழுவதுதான் அவனுக்கு முதல் அடி. கடைசியில் என்ன ஆயிற்று? அவர்கள் ஆடி முடித்து நின்றுவிட்டார்கள், என் கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "இவங்களுக்குத் தாளமே நிக்கலை சார்" என்று செயலாளரிடம் சொன்னேன்.

நிதானம் மேளத்தைத் தொடவே இல்லை. "அண்ணே, முதல்ல இவங்களை இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் சும்மா நடக்கச் சொல்லுங்க" என்றார். நடந்தார்கள். அவர் தரையில் உட்கார்ந்துகொண்டு, செருப்புக் கடைக்காரர் மாதிரி அவர்கள் காலையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கால் கீழ விழுறது கடைசி அண்ணே. தூக்குறாங்க பாருங்க, அதுதான் இவங்களுக்கு ஒண்ணு."

காதுக்கே கேட்காத இடத்தில் ஒரு தாளம் தொடங்குமா? தொடங்கியது. அவர் வாசித்தார், அவர்கள் ஆடினார்கள், நான் கைதட்டினேன். என்ன செய்வது, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்களே.

இன்னொரு முறை, கைகோத்து வட்டமாக ஆடுகிறவர்கள் வந்தார்கள். இரண்டு குட்டை அடி, ஒரு நீள அடி. "என்னப்பா நொண்டுறாங்க?" என்று கேட்டேன். "நொண்டலை அண்ணே. கை கோத்திருக்காங்கல்ல, பக்கத்துல இருக்கறவங்க வந்து சேரட்டும்னு ஒரு இழுப்பு இழுக்கறாங்க" என்றார். அதற்குப் பிறகு யார் வந்தாலும் முதலில் நடந்து காட்ட வேண்டும் என்பது இந்த அரங்கின் வழக்கமாகவே ஆகிவிட்டது.

இதோடு விட்டாரா? பக்கவாதம் வந்து மறுபடி நடக்கப் பழகுகிறவர்களுக்காக மருத்துவமனைக்கு மேளத்தைத் தூக்கிக்கொண்டு போனார். இழுத்து இழுத்து வைக்கும் காலுக்கு ஏற்ப வாசித்து, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போவார். அங்கிருந்த பெரியவர் ஒருவர் என்னிடமே சொன்னார்: "அவரு தட்டினா என் காலுக்குத் தைரியம் வருதுங்க." அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

அடுத்த மாதம் அந்தக் குதிகால் குழு மறுபடி வருகிறது. நம் மாணவிகள் அவர்களோடு சேர்ந்து ஆடப்போகிறார்கள். அவர் மறைந்த மறுவாரம் செயலாளர் ஒரு யோசனை சொன்னார். மேளத்துக்கு நிதானத்தின் பழைய ஒலிப்பதிவைப் போட்டுவிடலாமே என்றார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். உயிரோடு. இருந்தபோதுதான் என்னை மறைத்தார் என்றால், போன பிறகுமா?

ஒத்திகையில் பதிவைப் போட்டார்கள். அதே கை, அதே நாதம். பாதி ஆட்டத்தில் ஒரு மாணவிக்குக் கால் வழுக்கியது. மேளம் அவளை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டது. எல்லோரும் நின்றுவிட்டார்கள். "அவர் இருந்திருந்தா இவளுக்காக நின்னிருப்பாரு" என்றார் நடன ஆசிரியை. செயலாளர் தலையைக் குனிந்துகொண்டு பதிவை நிறுத்தினார்.

நான் போய் உட்கார்ந்தேன். என் நாற்காலியில்தான்; அவருடையதில் உட்கார்ந்தால் எனக்குக் கால் எட்டாது. எண்ணக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பெண்களின் கால்களை மட்டும் பார்த்தேன். அவள் அதே இடத்தில் மறுபடி தடுமாறினாள். என் கை நின்றது. அவள் காலைத் தூக்கிய பிறகுதான் மேளத்தில் விழுந்தது. முடிந்ததும் மூச்சு வாங்க ஓடிவந்து சொன்னாள்: "சார், அப்படியே அவர் வாசிச்ச மாதிரியே இருந்துச்சு!"

கேட்டீர்களா நியாயத்தை? கை என்னுடையது, வியர்வை என்னுடையது, பெயர் அவருக்கு. அந்தச் சூட்டோடு தங்கச்சியைப் பார்க்கப் போனேன். அவர் வேறு ஒன்று சொன்னார். "சமையலறையில நான் நடக்கறதுக்கு ஏத்த மாதிரி மேசையைத் தட்டிக்கிட்டே இருப்பாரு அண்ணே. பதிவைப் போட்டுக் கேட்டேன். அது பாட்டுக்குப் போகுது, என்கூட வர மாட்டேங்குது." நான் கொண்டுபோன கோபத்தை அந்த வீட்டில் வைக்க இடமில்லை. காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே, இந்த அவையின் முன் உறுதி சொல்கிறேன். அடுத்த மாத நிகழ்ச்சிக்கு மேளம் நான் வாசிக்கிறேன். எந்த நாட்டுக் குழு வந்தாலும் முதலில் நடக்கச் சொல்லிப் பார்ப்பேன். மருத்துவமனைக்கும் போவேன். பொறாமையை விட்டுவிடுவேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன்; அது என்னோடுதான் வரும். பதிலுக்கு உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நிகழ்ச்சி முடிந்ததும் "அவர் மாதிரியே இருந்தது" என்று உங்களுக்குத் தோன்றினால், தயவுசெய்து என்னிடம் வந்து சொல்லாதீர்கள், என்னால் தாங்க முடியாது. தங்கச்சி அன்றைக்கும் இதே வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார். அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.