நாற்காலியோடு வந்த சுவர்

— நாற்காலிய மட்டும்தாம்மா நகர்த்தினேன். சுவரும் கூடவே கிளம்பி வந்துடுச்சு.

— உங்க ஸ்கிரீன்ல இருக்கற வீட்டு ப்ளான் இங்க எனக்குத் தெரியுது சார். வலப்பக்கத்துலேர்ந்து இழுத்து செலக்ட் பண்ணியிருக்கீங்க. அப்படி இழுத்தா கட்டம் தொட்டதெல்லாம் மாட்டிக்கும். இடப்பக்கத்துலேர்ந்து இழுங்க, முழுசா உள்ள இருக்கறது மட்டும் மாட்டும்.

— அட, ஆமாம்ல. இந்த மண்டையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது.

— நேத்தும் இந்த ட்ராயிங் சாஃப்ட்வேர் ஹெல்ப்லைனுக்குக் கூப்பிட்டு இதையேதான் கேட்டீங்க.

— நேத்து கட்டில்ம்மா. இன்னைக்கு நாற்காலி.

— சரிங்க சார். கட்டிலோ நாற்காலியோ, இழுக்கறது ஒண்ணுதான். இப்ப மூவ் குடுத்து, பின்கால் மூலையப் புடிங்க. நேரா ஜன்னலுக்குக் கீழ கொண்டு போங்க. கோணலாப் போகாம இருக்க...

— வச்சாச்சும்மா.

— ...எஃப் எட்டு கீய அமுக்கணும்னு சொல்ல வந்தேன். நீங்க முன்னாடியே அமுக்கிட்டீங்க.

— கை பட்டிருக்கும்.

— சார், எத்தனை வருஷமா ட்ராயிங் போடறீங்க?

— அது எதுக்கும்மா இப்ப?

— காலை ஷிஃப்ட்ல நான் ஒருத்திதான். பதினஞ்சு நாளா தினமும் உங்க கால எடுக்கறேன். இந்த ப்ளான ஜூம் பண்ணிப் பாத்தேன். படிக்கட்டுலேர்ந்து கதவு வரைக்கும் ஒரு மில்லி பிசகல. நாற்காலி நகர்த்தத் தெரியாதவர் போட்டதில்ல சார் இது.

— இருபத்திரண்டு வருஷம்மா.

— அப்புறம் ஏன் சார் என்னைப் போட்டு இந்தப் பாடு படுத்தறீங்க?

— ஆபீஸ மூடிட்டாங்க. அவங்கவங்க வீட்லேர்ந்தே வரையச் சொல்லிட்டாங்க. மெயில்ல வேலை வருது, மெயில்லயே போயிடுது. வீட்ல நான் ஒரு ஆள்தான். லிஃப்ட்ல மாடி நம்பர் சொல்லுதே ஒரு குரல், அதுக்குப் போன வாரம் தேங்க்ஸ் சொன்னேன்னா பாத்துக்குங்க. முடியலம்மா. தப்பு பண்ணினாலாவது யாராவது பேசுவாங்கன்னு...

— எங்க சூப்பர்வைசர் உங்க நம்பரப் பாத்துட்டார் சார். பிரச்சனையே இல்லாமக் கூப்பிடறவங்களுக்குன்னு ஒரு லிஸ்ட் வச்சிருக்காங்க. இந்தக் கால் முடிஞ்சதும் உங்களையும் அதுல சேக்கச் சொல்லியிருக்கார். அதுக்கப்புறம் நீங்க எத்தனை தடவை அடிச்சாலும் எனக்கு வராது.

— நியாயந்தானே. உங்க பொழப்பக் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்குங்கம்மா. வச்சுடறேன்.

— இருங்க சார், வச்சுடாதீங்க. கால முடிக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி பாக்கி இருக்கு. எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்.

— கேளுங்க.

— உங்க பிரச்சனை தீர்ந்துதா? தீர்ந்துதுன்னா உங்கள லிஸ்ட்ல போட்டு மூடிடுவேன். தீரலன்னு சொன்னீங்கன்னா போட முடியாது. தீர்ற வரைக்கும் தினமும் நானே உங்களக் கூப்பிட்டுக் கேக்கணும், இங்க ரூல் அப்படி. அவசரமில்ல சார், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.