கொக்கி தளர்ந்த கதவு

அண்ணி: க்கும்... "சிங்க்ல தட்டை விட்டுடு, தம்பி கழுவுவான்." குப்பைப் பையைத் தூக்கிட்டு உன்னோட கீழ போறப்ப உங்கண்ணன் கடைசியாச் சொன்னது அதான். அதுக்காக ஆறு மாசமாவா கழுவுவ? நகரு.

தம்பி: கை ஈரம், சண்டைக்கு வராதீங்க. அதென்ன அண்ணி, எந்த ரூமுக்குள்ள வந்தாலும் க்கும், க்கும்னு? பழைய ஸ்கூட்டரா நீங்க?

அண்ணி: தொண்டை கரகரப்பு. பேச்சை மாத்தாத. டெஸ்ட் ரிசல்ட் என்ன?

தம்பி: பாஸ். அண்ணன் வாங்கின அதே மார்க்.

அண்ணி: விளையாடாதடா...

தம்பி: எனக்கும் இருக்கு, அண்ணி. அதே கோளாறு.

அண்ணி: ஐயோ...

தம்பி: உக்காருங்க முதல்ல. டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினாங்க. இதயத் தசையில ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் கால்சியம் அடைச்சு வெச்ச கிடங்கு இருக்காம். அதுக்கு ஏகப்பட்ட குட்டிக் கதவு...

அண்ணி: தியேட்டர் மாதிரியா?

தம்பி: அதேதான்! டிக்கெட் கிழிக்கிறவன் பொண்டாட்டின்னா சும்மாவா? வெளியேருந்து கொஞ்சூண்டு கால்சியம் வந்து கதவைத் தட்டும். உடனே எல்லாக் கதவும் திறந்து, உள்ள இருக்கிற கும்பல் மொத்தமும் பாயும். தசை இறுகும். அது ஒரு துடிப்பு.

அண்ணி: அப்புறம்?

தம்பி: கதவைச் சாத்திட்டு, கும்பலைத் திரும்ப உள்ள தள்ளணும். அடுத்த காட்சி.

அண்ணி: உங்க ரெண்டு பேருக்கும்?

தம்பி: கொக்கி லூஸு. சும்மா இருந்தா ஒண்ணும் தெரியாது. ஓடினா, திடுக்கிட்டா, தட்டாமலே திறந்துக்கும். பாதிப் படத்துல ஜனம் வெளியே ஓடும். துடிப்பு தாறுமாறாப் போயிடும்.

அண்ணி: ஊருக்கே கதவு சாத்தின மனுஷன்... சொந்தக் கதவைக் கோட்டை விட்டுட்டாரு.

தம்பி: சிரிக்காதீங்க, எனக்கும் சிரிப்பு வருது.

அண்ணி: மருந்து?

தம்பி: தினமும் மாத்திரை. படபடப்பை அடக்கி வெக்குமாம். ஓட்டம் கூடாது. யாரும் திடீர்னு பயமுறுத்தவும்... அண்ணி? எதுக்கு அழுறீங்க? நாளைக்கேவா போகப் போறேன்?

அண்ணி: அன்னிக்கு நான் கதவுக்குப் பின்னாடி நின்னேன்டா.

தம்பி: எந்தக் கதவு?

அண்ணி: நம்ம வாசக் கதவு. அவர் கால் வெச்சதும் "பே!"ன்னு... எப்பவும் பண்றதுதான். சிரிச்சாரு. அப்படியே சரிஞ்சாரு. லிப்ட் ரிப்பேரு, நாலு மாடி ஏறி வந்தான்னு டாக்டர்கிட்ட நீ சொன்ன. நான் வாயை மூடிக்கிட்டேன்.

தம்பி: அதான் க்கும், க்கும்...

அண்ணி: நீயும் திடுக்குன்னு விழுந்துட்டா நான் என்னடா பண்ணுவேன்?

தம்பி: ...லிப்டுக்கு ஒண்ணும் ஆகல, அண்ணி.

அண்ணி: என்ன?

தம்பி: நான் அதுலதான் வந்தேன். அவன் படியில ஓடி வந்தான். யார் முதல்ல வர்றதுன்னு பந்தயம்.

அண்ணி: எதுக்குடா பந்தயம்?

தம்பி: தட்டுக்கு. தோத்தவன் கழுவணும். லிப்ட் திறக்கிறப்பவே உங்க "பே" கேட்டுடுச்சு... நான்தான் தோத்தேன். தள்ளுங்க, இன்னும் ரெண்டு டம்ளர் பாக்கி.