கிளட்ச் போன காரை நிறுத்தாதது பற்றி கோகிலவாணி சொன்னது

என் பெயர் கோகிலவாணி, வயது 28. கணவர் பெயர் மோகன்ராஜ். மேடவாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். எனக்கு இது ஒன்பதாம் மாதம். தற்போது தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் படுக்கையில் இருக்கிறேன். நல்ல நினைவோடுதான் விசாரணைக்கு வந்துள்ள காவல் அதிகாரியாகிய தங்களிடம் இதைச் சொல்கிறேன். இறந்துபோன சம்பந்தம் என் அப்பா. என் கணவர் மீது புகார் கொடுத்துள்ள விக்கி என்கிற விக்னேஷ் என் உடன்பிறந்த தம்பி. அவன் அன்று காரில் இல்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் எனக்கு வளைகாப்பு நடந்தது. சாப்பாடு முடிந்த பிறகு, பிரசவத்துக்காக என்னை முடிச்சூர் சாலையில் உள்ள அம்மா வீட்டுக்கு அழைத்துப்போகப் புறப்பட்டோம். கணவர் காரை ஓட்டினார், அப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார், நானும் அம்மா முனியம்மாவும் பின்னால் உட்கார்ந்தோம். தம்பி சீர்ப் பாத்திரங்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு முன்னாலேயே போய்விட்டான். ராகு காலத்துக்கு முன் வீடு சேர வேண்டும் என்று அப்பா அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார்.

கார் எங்களுடைய பழைய கார். சில நாட்களாகவே கிளட்சை மிதித்தால் கரகரவென்று சத்தம் வந்தது. மறுநாள் பட்டறையில் விடுவதாக இருந்தோம். அன்று காலையிலேயே வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாம் என்று கணவர் சொன்னார். அப்பா, "சொந்த வண்டி கீறப்போ வாடகை வண்டில பொண்ண இட்டுனு போனா நாலு பேரு இன்னா சொல்லுவாங்க மாப்ள?" என்று கேட்டார். கணவர் எங்கள் காரையே எடுத்தார்.

செம்பாக்கம் ஏரி தாண்டியதும் சத்தம் அதிகமாகி, எரிகிற வாடை வந்தது. கணவர் காரை ஓரம் கட்டினார். "கிளட்ச் பிடிக்கவே இல்ல மாமா. இதுக்கு மேல ஓட்டினா நடுரோட்ல நின்னுடும். இங்கயே இறங்கி வேற வண்டி பிடிச்சிடலாம்" என்றார். எங்கள் வீட்டு வழக்கப்படி வளைகாப்பு முடிந்து புறப்பட்ட பெண் தாய்வீட்டு வாசலில்தான் இறங்க வேண்டும், வழியில் தரையில் கால் வைக்கக் கூடாது. அப்பாவின் அக்கா அப்படி வழியில் இறங்கியதால்தான் பிரசவத்தில் பிள்ளையோடு போய்விட்டார் என்பது நாங்கள் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதை. அப்பா கணவரிடம், "எங்க அக்காவ தூக்கினு போனது போதும். என் பொண்ணு ரோட்ல கால வெக்காது. நீ மெதுவா போ" என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இறங்கியிருப்பேன். கணவர் மறுபடி வண்டியை எடுத்தார்.

அதன் பிறகு தாம்பரம் மேம்பாலத்தின் ஏற்றத்தில் இன்ஜின் மட்டும் இரைந்தது, கார் ஏறவில்லை. பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டோம். பின்னால் ஒரு தண்ணி லாரி ஒட்டி நின்று ஹாரன் அடித்தது. ஹேண்ட் பிரேக் அந்த ஏற்றத்தில் பிடிக்காததால் கணவர் கால் பிரேக்கை அழுத்திப் பிடித்திருந்தார். யாரும் இறங்க வேண்டாம் என்று அவர் சொல்லும்போதே அப்பா இறங்கி, ஓரத்தில் கிடந்த ஒரு கல்லை எடுத்துக்கொண்டு காருக்குப் பின்னால் போனார். வாடை தாங்காமல் நான் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தேன். ஆகவே பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அப்பா, "கல்லு வெச்சிட்டேன் மாப்ள, பிரேக்க வுட்டு ஏத்து" என்றார். கணவர், "நீங்க ஓரமா வந்துடுங்க மாமா, அப்புறம் எடுக்கிறேன்" என்றார். அப்பா, "நான் தள்ளிப் புடிச்சினு கீறேன், நீ வுடுப்பா" என்று சத்தம் போட்டார். கணவர் மறுபடியும் ஓரமாக வரச் சொன்னார். அப்பா வரவில்லை, காரின் பின்பக்கத்தைத் தட்டி ஏற்று ஏற்று என்றார். கணவர் பிரேக்கை விட்டு ஆக்சிலேட்டரை மிதித்தார். கார் ஏறாமல் பின்னால் நகர்ந்தது, கல் வழுக்கிவிட்டது. கணவர் உடனே பிரேக்கை மிதித்தார். அதற்குள் அப்பா காருக்கும் லாரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்.

நான் கதவைத் திறந்தேன். இறங்காதே என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். வளையல்கள் உடைந்து கீறியதைத்தான் மருத்துவர் காயம் என்று குறித்திருக்கிறார். நான் இறங்கிப் போனபோது அப்பாவுக்கு நினைவு இருந்தது. நான் ரோட்டில் நிற்பதைப் பார்த்து, வண்டியில் ஏறு என்று கையைக் காட்டினார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்துவிட்டார்.

சொல்லாமல் கொள்ளாமல் என் கணவர் பிரேக்கை விட்டதாகத் தம்பி புகாரில் எழுதியிருக்கிறான். அது பொய். வண்டியைச் சரிசெய்யாமல் எடுத்தது என் கணவர் தப்பு, செம்பாக்கத்தில் நிறுத்தியவர் மறுபடி ஓட்டியதும் தப்பு. ஆனால் பிரேக்கை அவராக விடவில்லை. தம்பி என்னிடம் வந்து, "அப்பா சொன்னத நீ சொல்லாத. செத்தவரு மேல பழி போடுவியா?" என்று கேட்டான். அப்பாவை நினைத்தால் அழுகை வருகிறது, கோபமும் வருகிறது. அதற்காக உயிரோடு இருப்பவரைச் சிறைக்கு அனுப்ப என்னால் முடியாது.

எதுவும் தன் காதில் விழவில்லை என்று அம்மா முன்பு தங்களிடம் சொல்லியிருக்கிறார். இதுவரை நான் சொன்னதையெல்லாம் அவர் இந்தக் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அவராகவே, "எனக்கும் கேட்டுச்சு வாணி. அவருதான் வுடச் சொன்னாரு. தாலி கட்டின மனுசன் மேல நான் எப்படிடி சொல்றது?" என்றார். அதை எழுத வேண்டாம் என்று தங்களைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் எழுதச் சொன்னேன். அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். இனிப் பிரசவத்துக்குப் போக எனக்கு அம்மா வீடு இல்லை என்று தெரிந்துதான் சொன்னேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எதையும் மாற்ற வேண்டியதில்லை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் கூறிய இவை யாவும் உண்மை.

(ஒப்பம்) மோ. கோகிலவாணி